ஓட்டிப் பார்க்காமலே மென்பொருளின் ஓட்டை தெரிவது எப்படி?

தேனியில் ஒரு மருந்துக் கடைக்குள் போங்கள். தரமில்லாத மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடுகிறது. கடைக்காரர் என்ன, மாத்திரையைக் கரைத்தா பார்ப்பார்? அட்டையைத் திருப்பி பேட்ச் எண்ணைப் பார்ப்பார். பட்டியலில் இருந்தால் அலமாரியை விட்டு எடுத்துவிடுவார்.

மென்பொருளுக்கும் இதே வேலைதான்.

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலம்கூடக் கணினித் திரைக்கு வந்துவிட்ட காலம் இது. பல சேவைகளின் நிரலை, அதற்கு வேண்டிய துணை நிரல்களோடு ‘கன்டெய்னர்’ என்ற பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள். டிபன் கேரியர் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அடியில் பெரும்பாலும் லினக்ஸ் கோப்புகள், உச்சியில் நம் ஆள் எழுதிய குட்டி நிரல்.

‘ட்ரிவி’ போன்ற ஸ்கேனர் இந்தப் பொட்டலத்தை இயக்குவதே இல்லை. அடுக்குகளைப் பிரிக்கும். என்னென்ன நிறுவப்பட்டன, எந்தப் பதிப்பு என்ற குறிப்பு உள்ளேயே கிடக்கும், அதை வாசிக்கும். பிறகு, 1999 முதல் எண்ணிட்டு வரும் ‘சிவிஇ’ என்ற பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலோடு ஒப்பிடும்.

2021 டிசம்பரில் ‘லாக்ஃபோர்ஜே’ என்ற துணை நிரலின் ஓட்டை வெளியானபோது பலர் திணறியது ஏன் தெரியுமா? அந்தத் துணை நிரலை அவர்கள் நேரடியாகச் சேர்க்கவே இல்லை. சேர்த்த வேறொன்று அதைக் கூட்டிவந்திருந்தது!

ஒரு குழப்பமும் உண்டு. ‘டெபியன்’ என்ற லினக்ஸ் வகையைத் தயாரிப்பவர்கள் பழைய பதிப்பிலேயே ஓட்டையை அடைத்துவிட்டு, பதிப்பு எண்ணின் வாலில் மட்டும் சின்ன மாற்றம் செய்வார்கள். வாலைப் பார்க்காத ஸ்கேனர் வீணாகக் கூச்சல் போடும்.

பட்டியலில் ஏறாத ஓட்டை எந்த ஸ்கேனரின் கண்ணிலும் இப்படிப் படாது. அதனால்தான் நேற்று ‘சுத்தம்’ என்ற பொட்டலத்தையே இன்றும் ஸ்கேன் செய்கிறார்கள். பொட்டலம் மாறவில்லை, பட்டியல் நீண்டிருக்கிறது.