விரல் தொட்டால் வரும் குரல்

தோசைக்கல்லில் மாவு விழும் சத்தம் கேட்டதும் குழந்தை அடுப்படிக்கு ஓடி வருகிறது. வாய்விட்டுக் கேட்கப் பேச்சு வராது. கையிலிருக்கும் டேப்லெட்டில் தோசைப் படத்தைத் தொடுகிறது; அடுத்து 'வேணும்'. டேப்லெட் அதை உரக்கச் சொல்கிறது. அம்மா திரும்பிப் பார்க்கிறாள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சுமார் 25 முதல் 30 சதவீதம் பேர் பள்ளி வயதிலும் ஒருசில சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. பசியும் வலியும் ஆசையும் அவர்களுக்கும் உண்டு. சொல்ல வழி இல்லாதபோது அவை அழுகையாகவும் கடியாகவும் வெளிப்படுகின்றன.

இப்படிப் படம் தொட்டால் பேசும் செயலிகளில் பெயர் பெற்ற 'ஆவாஸ்' சென்னையில் உருவானது. ஐஐடி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்காக, வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து இதை முதலில் தனிக் கருவியாகத்தான் செய்தார். பிறகு அது ஐபேடுக்கு வந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கைக்கும் போனது.

"மிஷினே பேசிட்டா பிள்ளை எப்படிப் பேசும்?" பல வீடுகளில் எழும் கேள்வி இது. பெற்ற வயிறு பயப்படுவது இயல்புதான். ஆனால் ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன.

அமெரிக்க உளவியலாளர் கானி கஸாரி குழுவின் ஆய்வு 2014-ல் வெளியானது. மிகக் குறைவாகப் பேசும், 5 முதல் 8 வயதுள்ள 61 குழந்தைகள். எல்லோருக்கும் விளையாட்டோடு கலந்த பேச்சுப் பயிற்சி. ஒரு பகுதியினருக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே பேசும் கருவியும் சேர்ந்தது. ஆறு மாத முடிவில், கருவியோடு தொடங்கியவர்களே யாரும் தூண்டாமல் தாமாக அதிகம் பேச முயன்றார்கள். முதலில் பயிற்சி மட்டும் கொடுத்து, பலன் குறைந்தபோது நடுவில் கருவியைச் சேர்த்தவர்களுக்கு அந்த அளவு முன்னேற்றம் இல்லை. ஆகவே, 'கொஞ்ச நாள் பார்ப்போம்' என்று தள்ளிப்போடுவதில்தான் நஷ்டம்.

வாயால் சொன்ன சொல் காற்றோடு போய்விடும். படம் கண்முன்னே நிற்கும். தொடும்போதெல்லாம் சொல் ஒரே மாதிரி ஒலிக்கும். இந்த நிலைத்தன்மை குழந்தைக்கு உதவுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கருவியை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. வீட்டிலுள்ளவர்களும் பேசப் பேச அதே படங்களைத் தொட்டுக் காட்ட வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர்கள் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். குழந்தை 'வேண்டாம்' என்று தொட்டால், அதற்கும் மதிப்புக் கொடுங்கள்.

அடம்பிடித்தால் தண்டனையாக டேப்லெட்டைப் பிடுங்கி வைக்கிற பழக்கம் இருந்தால், இன்றோடு விட்டுவிடுங்கள். பிடுங்குவது பொம்மையை அல்ல, பிள்ளையின் குரலை.