யூஎக்ஸ் டிசைனில் முதுகலைப் பட்டம்: 2 வருடமும் பல லட்சமும் யாருக்கு லாபம்?

ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பும்போது 'லாஸ்ட் நேம்' என்ற கட்டத்தில் சிக்காத தமிழ் இளைஞர் இருக்க மாட்டார். நம்மில் பெரும்பாலானோருக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான். குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் அந்தக் கட்டத்தின் ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும்; நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. ஒருவர் இனிஷியலைப் போடுவார். இன்னொருவர் அப்பா பெயரைப் போடுவார். வேறொருவர் தன் பெயரையே ரெண்டு தடவை அடிப்பார். கடைசியில் ஆதாரில் ஒரு பெயர், பான் கார்டில் ஒரு பெயர், மார்க்‌ஷீட்டில் ஒரு பெயர் என்று அலைச்சல்தான் மிச்சம்.

இதில் நிரப்பியவர் மீது தவறில்லை. தமிழ்நாட்டில் பெயர் எப்படி எழுதுகிறார்கள் என்பதைக் கட்டத்தை வைத்தவர் யாரிடமும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது, பார்ப்பது, அதற்கேற்ப திரையை அமைப்பது, பிறகு சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பது - இதுதான் யூஎக்ஸ் டிசைனரின் வேலை.

இந்த வேலையைப் பற்றி லிங்க்ட்இன்னில் படித்துவிட்டு, "இதுல மாஸ்டர்ஸ் பண்ணலாமா?" என்று யோசிக்கும் இளைஞர்கள் சென்னையில் மட்டும் இல்லை. கடலூர், சிதம்பரம், நெல்லிக்குப்பம் பக்கத்தில் பி.இ., பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்களுக்கும் அதே கேள்விதான். வீட்டில் கேட்கும் கேள்வி வேறு: "கம்ப்யூட்டர்ல படம் வரையறதுக்கு எதுக்குப்பா ரெண்டு வருஷம்?" இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடுவோம்.

யூஐ, யூஎக்ஸ், இன்டராக்‌ஷன்: என்ன வித்தியாசம்?

திரையில் கண்ணுக்குத் தெரியும் பட்டன், நிறம், எழுத்து ஆகியவை யூஐ. ஒரு வேலையைத் தொடங்கியது முதல் முடிக்கும் வரை பயனாளருக்குக் கிடைக்கும் மொத்த அனுபவம் யூஎக்ஸ். மனிதர் ஒன்றைச் செய்தால் கருவி எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று திட்டமிடுவது இன்டராக்‌ஷன் டிசைன்.

டீக்கடை சவுண்ட்பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் இரண்டு கையும் வேலையில் இருக்கும். போனை எடுத்துப் பணம் வந்ததா என்று பார்க்க நேரமில்லை. அதனால் பெட்டி சத்தமாகத் தொகையைச் சொல்கிறது. அங்கே திரையே தேவைப்படவில்லை. இதுவும் இன்டராக்‌ஷன் டிசைன்தான்.

'இன்டராக்‌ஷன் டிசைன்' என்ற பெயரை 1980-களில் உருவாக்கியவர்கள் பில் மாக்ரிட்ஜ், பில் வெர்பிளாங்க் என்ற இருவர். 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல் பரவக் காரணமானவர் டான் நார்மன். 1993-ல் ஆப்பிளில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே அதைச் சேர்த்துக்கொண்டார். அவர் அடிப்படையில் மனித அறிவாற்றலை ஆய்வு செய்தவர். இந்தத் துறைக்குள் வர ஓவியராக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அவரே சாட்சி.

பட்டப்படிப்பில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். ஃபிக்மா போன்ற மென்பொருளைக் கற்க முதுகலைப் பட்டம் தேவையில்லை. அதன் இலவசக் கணக்கை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே சில வாரங்களில் கற்றுவிடலாம்.

பட்டப்படிப்பில் கிடைப்பது மூன்று விஷயங்கள். முதலாவது, ஆய்வு முறை. மக்களிடம் எப்படிக் கேட்பது, அவர்கள் சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளியை எப்படிக் கவனிப்பது என்ற பயிற்சி. இரண்டாவது, ஸ்டூடியோ. நீங்கள் செய்ததைச் சுவரில் ஒட்டி, ஆசிரியரும் சக மாணவர்களும் கேள்வி கேட்பார்கள். "ஏன் இப்படி வெச்சீங்க?" என்ற கேள்விக்கு "அழகா இருக்கு" என்று பதில் சொன்னால் எடுபடாது. மூன்றாவது, ஒரே பிரச்சினையில் மாதக்கணக்கில் உழைக்கும் நேரம். கடைசி ஆண்டின் ஆய்வுத் திட்டம் அப்படிப்பட்டது. வேலைக்குப் போய்விட்டால் அந்த அவகாசம் எளிதில் கிடைக்காது.

தென்னாற்காட்டிலிருந்து போன ஒருவர்

நம் ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் கள்ளக்குறிச்சியைச் சேர்ந்தவர். இன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். ஆனால் 1993-ல் தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்படும் வரை அதுவும் கடலூர், நெல்லிக்குப்பமும் ஒரே மாவட்டத்தில்தான் இருந்தன.

அவர் முதலில் படித்தது அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை. பிறகு ஐஐடி பம்பாயின் ஐடிசி வடிவமைப்புப் பள்ளியில் எம்.டெஸ். அங்கேயே தமிழ் எழுத்துருவியலில் முனைவர் பட்ட ஆய்வு. 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்த போட்டியில் அவருடைய குறியீடு தேர்வாகி, 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதையொட்டி ஐஐடி குவாஹாட்டியின் வடிவமைப்புத் துறையில் பேராசிரியர் பணியில் சேர்ந்தார்.

அவர் எம்.டெஸ்ஸில் எடுத்தது விஷுவல் கம்யூனிகேஷன். இன்டராக்‌ஷன் டிசைன் இல்லை. இருந்தாலும் நுழைவாயில் ஒன்றுதான். கவனிக்க வேண்டியது இன்னொன்று: உயர் ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் சொந்த மொழியின் எழுத்து.

எங்கே படிக்கலாம்? எந்தத் தேர்வு?

ஐஐடிகளிலும் பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் எம்.டெஸ் சேர எழுத வேண்டியது சிஇஇடி என்ற நுழைவுத் தேர்வு. நடத்துவது ஐஐடி பம்பாய். வழக்கமாக அக்டோபர் வாக்கில் பதிவு தொடங்கும், ஜனவரியில் தேர்வு. குறைந்தது 3 ஆண்டுப் பட்டம் முடித்தவர்கள், இறுதியாண்டில் இருப்பவர்கள் எழுதலாம். எந்தப் பாடப் பட்டமாகவும் இருக்கலாம்; வயது வரம்பு கிடையாது; எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும்.

தேர்வு மொத்தம் 3 மணி நேரம். முதல் பகுதி கணினியில் நடக்கும். கவனிக்கும் திறன், தர்க்கம், காட்சி அறிவு ஆகியவற்றைச் சோதிக்கும். இரண்டாவது பகுதி தாளில் வரைந்து, எழுதிக் காட்ட வேண்டியது. இறுதி மதிப்பெண்ணில் இதற்கே அதிக எடை. அதன்பின் ஒவ்வொரு நிறுவனத்தின் விண்ணப்பம், நேர்காணல் போன்ற கட்டங்கள் வரும். 1969-ல் தொடங்கப்பட்ட ஐடிசியில் இன்டராக்‌ஷன் டிசைன் தனிப் பிரிவாகவே உள்ளது.

இன்னொரு வழி, தேசிய வடிவமைப்பு நிறுவனம். சுருக்கமாக என்ஐடி. தமிழில் எழுதும்போது திருச்சியில் இருக்கும் என்ஐடியும் இதுவும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டும் வேறு வேறு. வடிவமைப்பு நிறுவனம் 1961-ல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்டது. அதன் பெங்களூரு வளாகம், டிஜிட்டல் சார்ந்த எம்.டெஸ் பிரிவுகளுக்காகவே பலர் தேடும் இடம். இதற்கு 'டாட்' என்ற தனி நுழைவுத் தேர்வு, பிரிலிம்ஸ், மெயின்ஸ் என இரண்டு கட்டமாக நடக்கும்.

சாதிச் சான்றிதழ்: நம்மூர் மாணவர்கள் கோட்டைவிடும் இடம்

தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மத்திய அரசின் நிறுவனங்களில் அது போதாது. அங்கே கேட்பது 'ஓபிசி - நான் கிரீமிலேயர்' சான்றிதழ். மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் உங்கள் சாதி இருக்க வேண்டும். வருமான நிபந்தனையும் உண்டு. எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் செல்லும் என்பதையும் அறிவிப்பில் சொல்லியிருப்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாசில்தார் அலுவலகத்தில் பரிசீலனை முடிந்து கைக்கு வர நேரம் ஆகலாம். தேர்வுக்குப் படிக்க ஆரம்பிக்கும்போதே இந்த வேலையையும் ஆரம்பித்துவிடுவது நல்லது.

எவ்வளவு செலவாகும்?

ஐஐடிகளில் கட்டணம் தனியார் வடிவமைப்புக் கல்லூரிகளைவிடப் பொதுவாகக் குறைவு. சிஇஇடி மூலம் சேர்பவர்களுக்குக் கற்பித்தல் உதவியாளர் பணியுடன் மாத உதவித்தொகை கிடைக்கும் இடங்களும் உண்டு. எத்தனை பேருக்கு, எந்த நிபந்தனையில் என்பதைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் கல்லூரிகளில் கட்டணத்தோடு லேப்டாப், விடுதி, பொருட்கள் என்று செலவு ஏறும்.

கடன் வாங்குவோர் கவனிக்க வேண்டியது 'பிஎம் வித்யாலட்சுமி' திட்டம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்குப் பிணையோ ஜாமீன்தாரரோ இல்லாமல் கடன். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருந்தால், ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்கு வட்டியில் 3 சதவீதச் சலுகை உண்டு. இந்தச் சலுகை ஆண்டுக்கு 1 லட்சம் மாணவர்களுக்குத்தான். நீங்கள் சேரும் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல தனியார் கல்லூரிகளின் விஷயத்தில் முடிவு இங்கேயே தெரிந்துவிடும்.

வெளிநாடு போகலாமா?

அமெரிக்காவில் கார்னகி மெலன், ஜார்ஜியா டெக் ஆகியவற்றில் மனிதர் - கணினி உறவு பற்றிய முதுகலைப் படிப்புகள் பெயர் பெற்றவை. ஸ்வீடனின் உமியா பல்கலைக்கழகத்தில் இன்டராக்‌ஷன் டிசைனுக்கு 2 ஆண்டு முதுகலை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் ஸ்வீடனில் கட்டணம் கட்ட வேண்டும்.

அமெரிக்கா போவோர் பார்க்க வேண்டியது பட்டத்தின் பெயரை அல்ல, அதன் வகைப்பாட்டை. அறிவியல் - தொழில்நுட்பப் பட்டமாக வகைப்படுத்தப்பட்டால், படித்து முடித்த பிறகு வழக்கமான 12 மாத வேலை அனுமதியோடு மேலும் 24 மாதம் நீட்டிப்புக் கேட்கலாம். கலைப் பட்டம் என்றால் 12 மாதம்தான். ஒரே மாதிரியான பாடம், இரண்டு கல்லூரிகளில் இரண்டு வகைப்பாட்டில் இருக்கலாம். விசா விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. வீட்டை அடமானம் வைத்து, அமெரிக்கச் சம்பளத்தை நம்பி மட்டும் கடன் கணக்குப் போடுவது ஆபத்து.

பட்டம் இல்லாமல் முடியாதா?

முடியும். ஸோஹோ நிறுவனம் நடத்தும் பள்ளிகளில் வடிவமைப்புக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. கல்லூரிப் பட்டம் இல்லாத மாணவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். பல நிறுவனங்களில் வேலை கொடுப்பவர் முதலில் திறப்பது உங்கள் போர்ட்ஃபோலியோவைத்தான்.

ஆனால் ஏஐ வந்த பிறகு கணக்கு மாறியிருக்கிறது. "ஒரு லாகின் பக்கம் போட்டுக் கொடு" என்றால் ஏஐ சில நொடிகளில் பத்து கொடுக்கும். வெறுமனே திரை வரையத் தெரிந்தவருக்கு இது நெருக்கடி. அந்தப் பத்தில் எது பண்ருட்டி முந்திரி வியாபாரிக்குப் புரியும், எது புரியாது என்று சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு இருக்கிறது. அந்தத் தீர்ப்பைச் சொல்லும் பயிற்சிதான் நல்ல பட்டப்படிப்பின் சாரம். அது இல்லாமல் மென்பொருளை மட்டும் சொல்லித் தரும் இடத்துக்கு லட்சங்களைக் கட்டுவது வீண்.

நெல்லிக்குப்பத்திலிருந்தே தொடங்கலாம்

புதியவர்களின் போர்ட்ஃபோலியோக்களில் திரும்பத் திரும்ப வருவது உணவு டெலிவரி ஆப்பின் மறுவடிவமைப்பு. பார்ப்பவருக்கு அலுத்துவிடும். சிறிய ஊரில் இருப்பவருக்கு இங்கேதான் வாய்ப்பு.

நெல்லிக்குப்பம் என்றாலே சர்க்கரை ஆலை. 1842 முதல் சர்க்கரைத் தயாரிப்பு வரலாறு உள்ள ஊர். கரும்பு விவசாயிக்குத் தேவையான தகவல் மூன்றுதான்: எப்போது வெட்டலாம், எடை எவ்வளவு நின்றது, பணம் எப்போது வரும். கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. இந்த மூன்று தகவலையும் வெயிலில் நின்றபடி, பழைய போனில், தமிழில், கண்ணாடி போடாமல் ஒருவர் படிக்க வேண்டுமானால் திரை எப்படி இருக்க வேண்டும்? இணைய அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 நிறவேறுபாடு கேட்கின்றன. நடுவயலில் அது போதுமா? போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மொழியிலும் வேலை இருக்கிறது. ஆங்கிலத்தில் 'சப்மிட்' 6 எழுத்து. அதையே 'சமர்ப்பிக்கவும்' என்று மாற்றினால் பட்டனை விட்டு வெளியே வழியும். 'அனுப்பு' என்றால் அடங்கும், புரியவும் புரியும். ரேஷன் கடையில் கைரேகை பதியாத முதியவர், பேருந்து நிலையத்தில் வழித்தடம் கேட்டு நிற்கும் பாட்டி என்று ஊரே பாடப்புத்தகம்.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரே வகைப் பயனாளர்களில் 5 பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்பது யூஎக்ஸ் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் பிரபலப்படுத்திய கணக்கு. ஒரு பேப்பரில் திரையை வரைந்து, 5 பேரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

சரி, யார் போகலாம்?

ஐடி வேலையிலிருந்து டிசைனுக்கு மாற நினைப்பவர்கள், ஆய்வில் ஆர்வம் உள்ளவர்கள், ஐஐடி அல்லது என்ஐடி போன்ற இடத்தில் குறைந்த கடனுடன் படிக்க முடிந்தவர்கள் தாராளமாக முயலலாம். 'சீக்கிரம் சம்பளம் வேண்டும்' என்ற நிலையில் இருப்பவர்கள் முதலில் வேலைக்குப் போய், இரண்டு மூன்று வருடம் கழித்து யோசிக்கலாம். சிஇஇடிக்கு வயது வரம்பு இல்லை என்பதால் கதவு மூடிவிடாது.

எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று தெரியவில்லையா? அக்டோபர் பதிவுக்கு முன் உங்கள் ஊரில் ஒரு பிரச்சினையை எடுத்து, 5 பேருடன் மேலே சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள். நீங்கள் வரைந்தது அவர்களுக்குப் புரியாதபோது, "இவங்களுக்குத் தெரியல" என்று எரிச்சல் வந்தால் லட்சங்களை மிச்சம் பிடிக்கலாம். "எங்க குழம்பினாங்க?" என்று தெரிந்துகொள்ளத் தோன்றினால், தேர்வுக்குத் தயாராக ஆரம்பிக்கலாம்.