20 நிமிடத்தில் 23,000 பவுண்டு: பிரிட்டனின் பந்தய நிறுவனங்களைத் தட்டிக் கேட்பது யார்?

பிரிட்டனில் பந்தயம் கட்டுவது குற்றமில்லை. உரிமம் இல்லாமல் அந்தத் தொழிலை நடத்துவதுதான் குற்றம். உரிமத்தைக் கொடுப்பதும் பறிப்பதும் 2005 சட்டத்தின் கீழ் உருவான சூதாட்ட ஆணையம்.

என்னென்ன கட்டுப்பாடு?

* 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் பந்தயம் கட்ட முடியாது. கடன் வாங்கி ஆடாதீங்க என்பதுதான் விஷயம்.
* ‘என்னை ஆட விடாதீங்க’ என்று ‘கேம்ஸ்டாப்’பில் ஒருவர் பதிவு செய்துவிட்டால், உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் தளங்களும் அவரைத் தடுக்க வேண்டும்.
* ஆன்லைன் ஸ்லாட் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 5 பவுண்டு. 18 முதல் 24 வயது வரை என்றால் 2 பவுண்டுதான். இது 2025-ல் வந்த வரம்பு.

மீறினால்?

2023-ல் வில்லியம் ஹில் குழும நிறுவனங்கள் 1.92 கோடி பவுண்டு கட்ட வேண்டி வந்தது. புதிதாகக் கணக்கு தொடங்கிய ஒருவர் 20 நிமிடத்தில் 23,000 பவுண்டு செலவழித்தும் எந்தச் சோதனையும் நடக்கவில்லை. உரிமத்தையே நிறுத்திவைக்கலாமா என்றும் ஆணையம் யோசித்தது.

‘அவர் காசு, அவர் இஷ்டம்’ என்று நிறுவனம் நழுவ முடியாது. ஆடுபவரைக் கவனிப்பதும் உரிமத்தின் நிபந்தனை. ஆனால், உரிமமே இல்லாத தளத்தில் ஆடினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.