முட்டையை நீக்கினால் போதுமா?

ஐதராபாத்துக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பிஸ்கோத்தின் சுவை அறியாத வீடு இராது. இரானித் தேநீர்க் கடைகளில் தேநீருடன் வந்து நிற்கும் உஸ்மானியா பிஸ்கோத்து, உப்பும் இனிப்பும் கலந்து நாவில் கரைவது. கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலிகானின் பெயரால் வழங்குவதாகச் சொல்வர். சிந்து தேசத்திலிருந்து பிரிவினையின்போது புறப்பட்டு வந்த ஒருவர் 1953-ஆம் ஆண்டில் மொஅஸ்ஸம் ஜாஹி சந்தைப் பக்கத்தில் தொடங்கிய கராச்சி பேக்கரியின் பழப் பிஸ்கோத்தோ, நாம் ஊருக்குப் புறப்படும்போதெல்லாம் நம் பெட்டியில் தவறாமல் ஏறிக்கொள்வது. அவரும் நம்மைப்போல் பிறந்த மண்ணை விட்டு வந்தவரே. வந்த ஊரில் அடுப்பு மூட்டியவர்களின் கைப்பக்குவம் இந்நகருக்குப் புதிதன்று.

ஆனால் இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பது சுட்ட பிஸ்கோத்தை அன்று, சுடாத மாவை! வெண்ணெயும் சர்க்கரையும் மைதாவும் பிசைந்து, சாக்லெட் துணுக்குகளைத் தூவி, அடுப்பருகே கொண்டுபோகாமல் அப்படியே கரண்டியால் அள்ளி உண்பது ஒரு நாகரிகமாகிவிட்டது. 'குக்கி மாவு' என்று அதற்குப் பெயர். கடைகளில் ஐஸ்கிரீம்போல் கிண்ணத்தில் வைத்து விற்பதும் உண்டு.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்மாராவ் நகரில் எமக்கு நெருங்கிய ஒரு குடும்பத்துக்குச் சென்றிருந்தோம். கந்தகிரி முருகன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே உள்ளே நுழைந்தால், சமையலறையில் ஒரே ஆரவாரம். எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒரு பெரிய பாத்திரத்தில் இந்த மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். நான்கு வயதுத் தம்பி பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தான். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பாட்டி ஒரு மணையில் அமர்ந்து மேற்பார்வை செய்தார்.

"இதில் முட்டை போட்டிருக்கிறாயா, கண்ணு?" என்று பாட்டி கேட்டார்.

"நம் வீட்டில் ஏது பாட்டி முட்டை? அதனால்தான் இதைப் பச்சையாகவே சாப்பிடலாம், கெடுதல் இல்லை" என்றாள் பேத்தி.

பாட்டி நிம்மதியடைந்தார். நாமோ நிம்மதி இழந்தோம். சிறுவனின் விரல் மாவை நோக்கி நீண்டபோது, விருந்தாளி என்ற கூச்சத்தையும் விட்டு, "சற்றுப் பொறு, தம்பி" என்று பாத்திரத்தை நகர்த்தி வைத்தோம். அன்று அங்கே நிகழ்ந்த விவாதமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

முட்டையின் மீது பழி

அப்பெண்ணின் எண்ணத்தைப் பிழை என்று முற்றும் தள்ளிவிடுவதற்கில்லை. பச்சை முட்டையில் 'சால்மொனெல்லா' என்னும் கிருமி இருக்கக்கூடும் என்பது உலகறிந்த செய்தி. நம் நகரிலேயே பலருக்கு உணவு நஞ்சாகிய நிகழ்ச்சிகளுக்குப் பின், பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸ் என்னும் குழம்பைத் தெலங்கானா அரசு 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. அடுத்த 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசும் அவ்வாறே ஓராண்டுத் தடை விதித்தது. இச்செய்திகளைப் படித்தவர்கள் குற்றவாளி முட்டை ஒன்றே என்று முடிவு கட்டியது இயல்பே. முட்டையே நுழையாத வீட்டினர், தமக்கு இதில் அச்சம் ஏது என்று இருந்ததும் இயல்பே.

ஆயினும் அந்தப் பாத்திரத்தில் இன்னொரு பச்சைப் பொருள் இருந்தது. அதுதான் மைதா!

மாவு செய்த வினை

இவ்வுண்மையை உலகம் சற்றுத் தாமதமாகவே கண்டுகொண்டது. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், கடையில் விற்ற பிஸ்கோத்து மாவைச் சுடாமல் உண்ட 70-க்கும் மேற்பட்டோர் 30 மாநிலங்களில் நோயுற்றனர். நோய் செய்தது 'ஈ-கோலை' என்னும் கிருமியின் கொடிய வகை. முட்டையில் வழக்கமாகக் காணும் கிருமி அதுவன்று. ஆராய்ந்தவர்களின் ஐயம் மாவின் மீது விழுந்தது. ஆனால் அப்போது அதை ஐயமற நிறுவ முடியவில்லை. 2016-ஆம் ஆண்டில் அந்த ஐயமும் தீர்ந்தது. அவ்வாண்டு 24 மாநிலங்களில் 63 பேர் அதே இனத்தைச் சேர்ந்த கிருமியால் நோயுற்றபோது, கோதுமை மாவிலேயே அக்கிருமியைக் கண்டெடுத்தனர்.

மாவில் கிருமி எவ்வாறு வந்தது? கோதுமை வயலில் விளைகிறது. அங்கே ஆடு மாடுகள் திரிகின்றன, பறவைகள் அமர்கின்றன. அறுத்த தானியத்தைத் தூற்றிச் சலித்து, சற்றே ஈரமூட்டி அரைக்கிறார்கள். அரைக்கும் ஆலையில் கிருமியைக் கொல்லும் அளவுக்கு வெப்பமூட்டும் கட்டம் எதுவும் இல்லை. நம் தெருமுனை மாவு ஆலையிலிருந்து கைபொறுக்காத சூட்டுடன் மாவு வருகிறதே என்று சிலர் கேட்கலாம். அந்தச் சூடு போதாது. உலர்ந்த மாவில் கிருமி பெருகுவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் சாகாமல் உறங்கிக் கிடக்க வல்லது. மைதா என்பது தோற்றத்தில் தூய வெண்பொடி. உண்மையில் அது பச்சைத் தானியமே அன்றி வேறில்லை.

நாம் அம்மாவைச் சப்பாத்தியாகச் சுடுகிறோம், பூரியாகப் பொரிக்கிறோம், பிஸ்கோத்தாக வேகவைக்கிறோம். அப்போது தீ நமக்குக் காவல். சுடாமல் உண்ணும்போது அந்தக் காவலை நாமே நீக்கிவிடுகிறோம். இவ்வகைக் கிருமியால் வயிற்றுவலியும் இரத்தம் கலந்த பேதியும் உண்டாகலாம். சிறு குழந்தைகள் சிலருக்குச் சிறுநீரகமே செயலிழந்துபோவதும் உண்டு. பெரும்பாலும் மூன்று நான்கு நாட்கள் கழிந்த பின்னரே நோய் வெளிப்படுவதால், உண்ட மாவை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அத்தகைய பேதி கண்டால் கைவைத்தியம் செய்து காலம் போக்காமல், உடனே மருத்துவரை நாடி, உண்டது இன்னது என்றும் சொல்ல வேண்டும்.

வறுத்தால் தீருமா?

இவ்வளவும் கேட்ட பாட்டி, "அவ்வளவுதானே? வாணலியில் போட்டு வறுத்துவிட்டால் போகிறது" என்றார். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வீட்டில் மாவை வறுத்துப் பச்சையாக உண்பதை நம்பத் தகாது என்று எச்சரிக்கிறது. ஈரமற்ற நிலையில் கிருமி வெப்பத்தை மிகுதியாகத் தாங்கும் என்பதும், வாணலியில் ஓரிடம் கருகும்போது மற்றோரிடம் வெதுவெதுப்பாகவே இருந்துவிடும் என்பதுமே காரணம்.

"சரி, மாவிளக்கு மாவைப் பச்சையாகத்தானே தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறோம்?" என்று பாட்டி விடாமல் மடக்கினார். நல்ல கேள்வி! மாவிளக்குக்கு அரிசியைக் கழுவி, ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அன்றே இடித்து அன்றே உண்கிறோம். அதுவும் ஒரு கை அளவே. மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த மைதாவுக்கும் அதற்கும் வேறுபாடு உண்டு. ஆயினும் கழுவுவதால் அழுக்குப் போகுமே அன்றிக் கிருமி முழுதும் போகாது என்பதை மறைப்பதற்கில்லை. பிரசாதத்தைக் கைக்குழந்தைக்கு ஊட்டாதிருப்பதும், மறுநாளைக்கு எடுத்து வைக்காதிருப்பதும் பக்திக்குக் குறைவு ஆகா.

பாட்டி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மைதா முறுக்குக்கு மாவை வேட்டித் துணியில் கட்டி இட்லிப் பானையில் அவிப்போமே, அது?" என்றார்.

அதுவே நாம் தேடிய வழி! உலர்ந்த வெப்பத்தைவிட நீராவி கிருமிக்குக் கொடியது. கொதிக்கும் பானையின் மூடியைத் திறந்து கை நீட்டிய இல்லத்தரசிகளுக்கு அதன் கடுமையைச் சொல்லிக் காட்ட வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழர்களும் கோதுமை மாவை அவித்து அரித்து வைத்துக்கொண்டே புட்டும் இடியப்பமும் செய்வது வழக்கம். நம் முன்னோர் முறுக்கின் பதத்துக்காகவும் புட்டின் மென்மைக்காகவும் கண்ட முறை இன்று வேறொரு காரியத்துக்கும் உதவுகிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பானையில் அவித்த மாவைச் சோதனைச் சாலை உறுதிப்படுத்தித் தருவதில்லை. ஆகையால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், நோயுற்றோர் ஆகியோர்க்குக் கீழே சொல்லும் முதல் முறையையே கொள்க. மற்றோர்க்கு இரண்டாவதும் ஆகும்.

முதல் முறை: சுட்ட பிஸ்கோத்தின் மாவு

இதில் பச்சை மாவே இல்லை. ஆகவே யாவற்றிலும் இதுவே பத்திரமானது. மாரி பிஸ்கோத்து 200 கிராம் எடுத்து நைஸாகப் பொடிக்கவும். வெண்ணெய் 75 கிராம், பொடித்த சர்க்கரை 30 கிராம், வெனிலா எஸென்ஸ் சில துளி ஆகியவற்றை நுரைக்கக் குழைத்து, பொடியைச் சேர்க்கவும். காய்ச்சி ஆறவைத்த பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுப் பிசைந்தால் மூன்று கரண்டியில் பதம் வரும். கடைசியில் சாக்லெட் துணுக்கு 50 கிராம் சேர்க்கவும். உஸ்மானியா பிஸ்கோத்தில் செய்வதானால் அதிலேயே நெய்ப்பசை மிகுதியாதலால் வெண்ணெய் 50 கிராம் போதும், உப்பும் வேண்டாம். நம் ஊர் மணத்துடன் அது தனிச் சுவை!

இரண்டாம் முறை: அவித்த மைதா

மைதா 250 கிராம். மெல்லிய வெள்ளைத் துணியில் ஓரங்குலக் கனத்துக்கு மேற்படாமல் பரப்பித் தளர்வாக மூடி, இட்லித் தட்டில் வைத்து, ஆவி வந்தது முதல் 25 நிமிடம் அவிக்கவும். நீர் துணியைத் தொடலாகாது. மாவு கட்டியாக இறுகியிருக்கும். சூடு தணியுமுன் உதிர்த்து, சலித்து, நன்றாக ஆறவிடவும். இங்கே ஒரு நுட்பம்: பச்சை மாவைத் தொட்ட கை, தட்டு, சல்லடை ஆகியவற்றைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே அவித்த மாவைத் தொட வேண்டும். இன்றேல் அவித்தது வீண்.

வெண்ணெய் 125 கிராம், சர்க்கரை 125 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா ஆகியவற்றைக் குழைத்து, மாவைச் சேர்த்து, காய்ச்சி ஆறிய பால் மூன்று நான்கு கரண்டி விட்டுப் பிசையவும். சாக்லெட் துணுக்கு 75 கிராம். முந்திரி சேர்ப்பதானால் வறுத்தே சேர்க்கவும். வெல்லம் வேண்டுவோர் அதைக் கரைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டிக் கொள்க. சுடப்போவதில்லை ஆதலால் சோடா உப்பு வேண்டுவதில்லை.

எம்முறையில் செய்தாலும் மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நாட்களுக்குள் உண்டு தீர்க்கவும். குளிர் கிருமியைக் கொல்லாது. வளர்ச்சியை மட்டுப்படுத்தும், அவ்வளவே. ஆகவே பச்சை மாவைக் குளிரவைத்தால் பத்திரமாகிவிடும் என்று எண்ணற்க.

அன்று பிசைந்த மாவு வீணாயிற்றோ என்று நேயர்கள் வருந்த வேண்டாம். அதைத் தட்டி, குக்கரில் உப்பைப் பரப்பிச் சூடேற்றி அதன்மேல் தட்டு வைத்து, பிஸ்கோத்தாகவே சுட்டெடுத்தோம். சிறுவனுக்கு மட்டும் பொறுமை இல்லை. உடனே நான்கு மாரி பிஸ்கோத்தைப் பொடித்து அவனுக்கென ஓர் உருண்டை பிடித்துக் கொடுத்தார் பாட்டி. அதைத் தின்றுகொண்டே, "இது மாவுருண்டை மாதிரி இருக்கே, பாட்டி!" என்றான்.

"வேறென்னடா? வறுத்துப் பொடித்துப் பிடித்தால் எல்லாம் மாவுருண்டைதான்" என்றார் பாட்டி.

மறுவாரம் அப்பெண் தன் பள்ளித் தோழிகளை வீட்டுக்கு அழைத்திருந்தாள். இட்லிப் பானையில் வெள்ளைத் துணி கட்டியிருக்கக் கண்ட தெலுங்குத் தோழி ஒருத்தி, "இன்று இட்லியா?" என்று கேட்டாளாம். "இல்லை, குக்கி" என்று இவள் விடை சொன்னதாகப் பாட்டி எமக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமிதத்தை எம்மால் எழுத்தில் வடிக்க இயலவில்லை.