பத்துக் காத்திப் பொன்: மலாக்காவின் ஐந்தாண்டுக் குருதிக் கணக்கு

1510ஆம் ஆண்டுக்கும் 1515ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில், மலாக்காவில் பெண்டாஹாரா என்ற பதவியை வகித்த மூவர் இயற்கைக்கு மாறான முறையில் மடிந்தனர். முதலாமவர் சுல்தானின் ஆணையால் கிரிசுக் கத்திக்கு இரையானார். இரண்டாமவர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர், தாமே மூட்டிய தீயில் பாய்ந்தார். மூன்றாமவரின் தலையைப் போர்ச்சுகீசியர் பொதுவெளியில் வெட்டினர். பெண்டாஹாரா என்பவர் மலாய் அரசில் மன்னருக்கு அடுத்த நிலையில் இருந்த தலைமை அமைச்சர். வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பளிப்பவரும் அவரே. இம்மூன்று சாவுகளில் முதலாவதன் பழி இரண்டு தென்னிந்திய வணிகர்களின் மேல் விழுந்து, ஐந்நூறு ஆண்டுகளாகியும் அகலாமல் நிற்கிறது. 1511இல் போர்ச்சுகீசியரிடம் மலாக்கா வீழ்ந்தது எதனால் என்று கேட்டால், அவர்களில் ஒருவரான ராஜா முதலியாரின் பொய்ப்பழியால் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் வழக்கின் விவரங்களை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட வேண்டியவர்களின் பட்டியல் இன்னும் நீளமானதாகத் தெரிகிறது.

இன்று மலாக்கா மாநிலத்தில் வாழும் தமிழரில் மிகப் பலர், 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டதற்குப் பின் பெருகிய தோட்டங்களுக்குப் பால்மரம் வெட்ட வந்தவர்களின் வழித்தோன்றல்கள். சுல்தான்கள் காலத்து வணிகர்களோ அவர்களுக்கு நானூறு ஆண்டுகள் முன்னரே பருவக்காற்றின் துணையோடு வந்து போனவர்கள். துணியைக் கொண்டுவந்து மிளகையும் சந்தனத்தையும் கிராம்பையும் ஏற்றிச் சென்றவர்கள். அக்காலத்து மலாய், போர்ச்சுகீசிய நூல்கள் இவர்களைக் கெலிங் என்று குறிக்கின்றன. 1512 முதல் சில ஆண்டுகள் மலாக்காவில் தங்கியிருந்த போர்ச்சுகீசியரான தோமே பிரெஸ், அங்கு நான்கு ஷாபண்டார்கள் இருந்ததாக எழுதுகிறார். ஷாபண்டார் என்பவர் துறைமுகத் தலைவர். வந்திறங்கும் கப்பலின் சரக்கை மதிப்பிடுவதும், மாலுமிகளுக்குக் கிடங்கு ஒதுக்குவதும், வணிகரைப் பெண்டாஹாராவிடம் அழைத்துச் செல்வதும் அவர் பணி. குஜராத்தியருக்கு ஒருவர், கெலிங் வணிகருக்கும் வங்காளம், பெகு, பாசாய் ஆகிய இடங்களிலிருந்து வந்தோருக்கும் ஒருவர், ஜாவா முதலிய கீழைத் தீவினருக்கு ஒருவர், சீனருக்கும் ரியுக்யுத் தீவினருக்கும் ஒருவர் என அப்பொறுப்பு பிரிந்திருந்தது. மேற்கிலிருந்து வந்த சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு ஆறு வரியாக வசூலிக்கப்பட்டது. அதற்கு மேலும் சுல்தானுக்கும் பெண்டாஹாராவுக்கும் அதிகாரிகளுக்கும் காணிக்கை தருவது வழக்கம். எது காணிக்கை, எது கையூட்டு என்ற எல்லைக்கோடு அந்நகரில் எங்கும் வரையப்பட்டிருக்கவில்லை என்பதை இவ்வழக்கைப் படிப்பவர் மறக்கலாகாது.

கொல்லப்பட்ட பெண்டாஹாரா துன் முதாகிர், பெண்டாஹாரா ஸ்ரீ மகாராஜா என்ற பட்டத்துடன் 1500ஆம் ஆண்டளவில் பதவியேற்றவர். அவர் சுல்தான் மஹ்மூத் ஷாவின் தாய்மாமன். அவருடைய குடும்பம் இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய மணி புரிந்தான் என்பவரின் வழியில் வந்தது. அவ்வழியினரைத் தமிழ் முஸ்லிம் மரபினர் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். அக்குடும்பத்துப் பெண்ணுக்குப் பிறந்த ராஜா காசிம், 1446ஆம் ஆண்டளவில் நடந்த அரண்மனைப் புரட்சியில் தம் மாற்றாந்தாய் மகனான இளம் அரசனை அகற்றி, முசாபர் ஷா என்ற பெயரில் அரியணை ஏறினார். ஆகவே 1510இல் நடந்ததை மலாய்க்காரரும் தமிழரும் மோதிக்கொண்ட இனப்பூசலாகச் சுருக்கிவிட முடியாது. பழி சுமத்தியவரின் முன்னோரும் பழிக்கு ஆளானவரின் முன்னோரில் ஒரு பகுதியினரும் ஒரே கடலின் அக்கரையிலிருந்து வந்தவர்கள்.

நிகழ்ச்சிகளை விரிவாகச் சொல்வது செஜாரா மெலாயு என்னும் மலாய் அரச வரலாறு. அதன்படி, வணிகர்களின் தலைவராக இருந்த நைனா சூர தேவனுக்கும் ஷாபண்டாரான ராஜா முதலியாருக்கும் ஒரு வழக்கு ஏற்பட்டு, இருவரும் துன் முதாகிரிடம் சென்றனர். மாலையாகிவிட்டதால் மறுநாள் வருமாறு அவர் சொல்லி அனுப்பினார். எதிராளி பெருஞ்செல்வர், இரவோடிரவாகப் பொன் கொடுத்துத் தீர்ப்பைத் தம் பக்கம் திருப்பிவிடுவார் என்று அஞ்சிய சூர தேவன், அதைத் தாமே முந்திச் செய்தார். பத்துக் காத்திப் பொன்னைக் கொண்டுபோய்ப் பெண்டாஹாராவிடம் கொடுத்தார். காத்தி என்பது ஏறத்தாழ அறுநூறு கிராம் கொண்ட நிறுத்தல் அளவு என்று பிற்கால வழக்கைக் கொண்டு கணக்கிட்டால், அது ஆறு கிலோ தங்கம். துன் முதாகிர் தயக்கமின்றி அதை வாங்கிக்கொண்டதாகவே நூல் கூறுகிறது.

சூர தேவனின் உறவினர் கித்துல் என்பவர் ராஜா முதலியாருக்கு ஒரு காத்திப் பொன் கடன்பட்டிருந்தார். அன்றிரவே அவர் ராஜா முதலியாரின் வீட்டுக் கதவைத் தட்டி, கொடுக்கப்பட்ட பொன் வெறும் தீர்ப்புக்கானதன்று, ராஜா முதலியாரைக் கொல்வதற்கான கூலி என்று சொன்னார். முதற்பாதி உண்மை, மறுபாதி புனைவு. ராஜா முதலியார் அங்கேயே அவருடைய கடனை ரத்து செய்தார். பிறகு, உயிர் தப்ப வேண்டுமானால் முந்திக்கொள்ள வேண்டும் என்று எண்ணி, காத்தியைவிடப் பன்மடங்கு பெரிய அளவான ஒரு பஹாரா பொன்னும் மணிகளும் எடுத்துக்கொண்டு லக்சமானா கோஜா ஹசானிடம் சென்றார். லக்சமானா என்பவர் கடற்படைத் தலைவர், சுல்தானை எந்நேரமும் அணுகக்கூடியவர். பெண்டாஹாரா அரியணைக்கு ஆசைப்பட்டுச் சதி செய்கிறார் என்ற செய்தி அவர் வழியாகச் சுல்தானின் காதை எட்டியது. சூர தேவனின் அச்சம், கித்துலின் கடன், ராஜா முதலியாரின் அச்சம், லக்சமானாவின் பேராசை என ஒரே இரவில் தொடங்கிய இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் பொன் இருக்கிறது. சான்று மட்டும் எங்கும் இல்லை.

சுல்தான் ஏன் விசாரிக்கவில்லை என்பதற்கும் அந்நூலே விடை தருகிறது. துன் முதாகிரின் மகள் துன் பாத்திமா பேரழகி. அவரைத் தமக்குக் காட்டாமலே துன் அலி என்பவருக்கு மணம்செய்து கொடுத்துவிட்டார் என்ற வன்மம் சுல்தானிடம் இருந்தது. பெண்டாஹாராவின் செல்வமும் செருக்கும் அதற்கு மேல் எண்ணெய் வார்த்தன. ராஜா முதலியாருக்கும் பழைய மனத்தாங்கல் உண்டு: அரச மண்டபத்தில் அவர் வணங்கியபோது, முறை தெரியாதவன் என்று கடிந்து துன் முதாகிர் கையைத் தட்டிவிட்டதாக ஒரு குறிப்பு வருகிறது.

பெண்டாஹாராவைக் கொல்லும் ஆணையை நிறைவேற்றத் துன் சூரா டிராஜாவும் துன் இந்திரா செகாராவும் அரச கிரிசுடன் அனுப்பப்பட்டனர். பெண்டாஹாராவின் மகன் துன் ஹசான் தெமெங்கோங் எதிர்த்து நிற்க முனைந்தார்; நகரின் காவலுக்கும் தண்டனைக்கும் பொறுப்பான தெமெங்கோங் பதவியில் இருந்த அவருக்கு ஆள்பலம் இருந்தது. தந்தையோ மன்னருக்கு எதிராகக் கை ஓங்குவது துரோகம் என்று சொல்லித் தடுத்தார். இத்துரோகத்தை மலாய் மொழி டெர்ஹாகா என்கிறது. குடிமகன் செய்யக்கூடிய குற்றங்களில் அதைவிடப் பெரியது வேறில்லை. துன் முதாகிர், அவருடைய மகன், தமையன், மருமகன் துன் அலி எனக் குடும்பத்து ஆண்கள் கொல்லப்பட்டனர். துன் ஹம்சா என்ற சிறுவன் மட்டும் கழுத்திலிருந்து மார்பு வரை வெட்டுண்ட நிலையில் உயிர் பிழைத்தான். கணவனையும் தந்தையையும் ஒரே நாளில் இழந்த துன் பாத்திமாவைச் சுல்தான் மணந்துகொண்டார். அதன்பின் துன் பாத்திமா சிரித்ததே இல்லை என்று நூல் சொல்கிறது.

பின்னர் உண்மை தெரியவந்தபோது ராஜா முதலியார் கொல்லப்பட்டார்; கித்துல் குடும்பத்தோடு கழுவேற்றப்பட்டார்; லக்சமானா பதவியையும் உடைமையையும் இழந்தாரேயன்றி உயிரை இழக்கவில்லை. பொன் வாங்கிக்கொண்டு பொய்யை மன்னரிடம் சேர்த்த அதிகாரிக்கு உயிர்ப்பிச்சையும், பொய்யைச் சொன்ன வணிகருக்கு மரணமும் என்று அமைந்த இத்தீர்ப்பில், கேட்ட மாத்திரத்தில் கொல்லச் சொன்ன சுல்தானுக்கு எந்தப் பங்கும் ஒதுக்கப்படவில்லை. இத்தனைக்கும், குடிகளை மன்னர் இழிவுபடுத்தக் கூடாது, பெருங்குற்றம் செய்தவரையும் சட்டப்படியன்றிக் கொல்லக் கூடாது என்று மன்னர் குலமும் மக்களும் செய்துகொண்ட ஆதி உடன்படிக்கையை அதே செஜாரா மெலாயு தன் தொடக்கப் பகுதியிலேயே விவரிக்கிறது.

இங்கே சாட்சியின் தன்மையையும் எடைபோட வேண்டும். அந்நூலின் ஒரு முக்கியச் சுவடி 1612ஆம் ஆண்டைச் சுட்டுகிறது. நிகழ்ச்சிகள் நடந்து நூறாண்டுகளுக்குப் பிந்தியது. அதைத் தொகுத்தவராகச் சொல்லப்படும் துன் ஸ்ரீ லானாங் ஜொகூரின் பெண்டாஹாரா. அதாவது, கொல்லப்பட்டவரின் குலத்தில் வந்தவர். அவர் பணியாற்றிய ஜொகூர் அரசை 1528 முதல் ஆண்ட முதல் சுல்தானோ, துன் பாத்திமாவின் வயிற்றில் சுல்தான் மஹ்மூதுக்குப் பிறந்த மகன். குலத்தின் முன்னோரைத் துரோகி என்று எழுத முடியாது; ஆளும் அரசரின் மூதாதையைக் கொலைகாரர் என்றும் எழுத முடியாது. பழியை ஏற்க எஞ்சியிருந்தவர்கள், வாதாட வாரிசில்லாத இரு வணிகர்கள்தாம். சுல்தான் பெண்டாஹாராவைக் கொன்ற செய்தி போர்ச்சுகீசிய எழுத்துகளிலும் இடம்பெறுவதால் கொலை நடந்தது உறுதி. ஆனால் நள்ளிரவு உரையாடல்களை அவ்வளவு துல்லியமாக யார் கேட்டு வைத்தார்கள் என்ற ஐயத்தை அந்த உறுதி தீர்ப்பதில்லை.

பழி எளிதில் நம்பப்பட்டதற்குக் காலச்சூழலும் ஒரு காரணம். 1509 செப்டம்பரில் டியோகோ லோபெஸ் டி செக்கெய்ரா தலைமையில் முதல் போர்ச்சுகீசியக் கப்பல்கள் மலாக்காவை அடைந்தபோது, அவர்களைத் தாக்கிப் பிடிக்கும் திட்டத்தில் பெண்டாஹாராவுக்கும் பங்கிருந்தது. கப்பல்கள் தப்பின, ருய் டி அராவுஜோ உள்ளிட்ட சிலர் சிறைப்பட்டனர். அச்சமும் உட்பகையும் நிறைந்திருந்த நகரில், சிறையிலிருந்தவர்களுக்கு மறைவாக உதவியவர் நைனா சாத்து என்னும் இந்து வணிகர். 1510 பிப்ரவரியில் அராவுஜோ எழுதிய கடிதம் இந்தியாவிலிருந்த போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க்கை எட்டியது. 1511 ஆகஸ்டில் அல்புகெர்க் மலாக்காவைக் கைப்பற்றினார்.

ஆட்சி மாறியதே தவிர, பொன்னும் பழிச்சொல்லும் செய்த வேலை மாறவில்லை. உப்பே பகுதியில் செல்வாக்குடன் இருந்த ஜாவானிய வணிகர் உத்திமுத்தி ராஜா, தப்பியோடிய சுல்தானோடு தொடர்பு வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, அதே 1511 டிசம்பரில் மகன், மருமகன், பேரனுடன் பொதுவெளியில் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி பெருந்தொகைப் பொன் தர முன்வந்தும் அல்புகெர்க் இணங்கவில்லை. முஸ்லிம் அல்லாத குடிகளுக்குப் பெண்டாஹாராவாக நைனா சாத்து அமர்த்தப்பட்டார். 1512இல் போர்ச்சுகீசிய அரசோடு கூட்டாக முதலிட்டுப் பெகு நாட்டின் மார்த்தபான் துறைக்குக் கப்பல் அனுப்பிய அவர், வங்கக் கடல் வாணிபத்துக்குப் புதிய ஆட்சியாளர்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி என்றே சொல்லலாம். பயன் தீர்ந்ததும், 1514இல் அப்பதவியைப் பறித்துக் கம்பார் நாட்டு அரசர் அப்துல்லாவுக்குக் கொடுக்க முடிவாயிற்று. போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் கூறுவதன்படி, நறுமண மரங்களை அடுக்கி மேடை எழுப்பி, பொன்னாடை உடுத்தி, தாம் செய்த உதவிகளையும் தமக்கு நேர்ந்த அவமதிப்பையும் கூடியிருந்தோர் முன் எடுத்துரைத்துவிட்டு, நைனா சாத்து நெருப்பில் இறங்கினார்.

அப்துல்லாவின் முடிவு துன் முதாகிரின் முடிவையே ஒத்தது. அவர் சுல்தான் மஹ்மூதின் மருமகன். போர்ச்சுகீசியரோடு சேர்ந்ததற்காக அவரைப் பழிதீர்க்க விரும்பிய மஹ்மூத், தம் மருமகன் இரகசியமாகத் தமக்கே உழைக்கிறார் என்ற வதந்தியைத் தாம் தஞ்சம் புகுந்திருந்த பிந்தான் தீவிலிருந்து மலாக்காவுக்குள் பரப்பினார். புதிதாக வந்த தளபதி ஜோர்ஜ் டி பிரித்தோ அதை நம்பி, 1515இல் அவருடைய தலையை வெட்டச் செய்தார். ஐந்தாண்டுகளுக்கு முன் பொய்ப்பழியை நம்பித் தம் மாமனைக் கொன்ற அதே சுல்தான், இம்முறை பொய்ப்பழியைத் தாமே ஆயுதமாக்கி எதிரியின் கையாலேயே மருமகனைத் தீர்த்துக்கட்டினார். அப்துல்லா கொல்லப்பட்டது கண்டு அஞ்சிய மலாய்க் குடிகள் பலர் நகரைவிட்டு வெளியேறினர்.

நைனா சாத்துவைப் பொறுத்தவரை, போர்ச்சுகீசியப் பண்டகசாலையின் கணக்குகளையும் கடிதங்களையும் கொண்டு லூயிஸ் பிலிப்பே தோமாஸ் போன்ற ஆய்வாளர்கள் அவருடைய வாணிபத்தை ஓரளவு மீட்டெடுத்திருக்கின்றனர். எந்தக் கப்பலில் எவ்வளவு பங்கு வைத்தார் என்பது வரை பேச முடிகிறது. ராஜா முதலியாருக்கு அத்தகைய ஏடு எதுவும் வாய்க்கவில்லை. செஜாரா மெலாயுவில் அவர் பேசும் சொற்கள் யாவும் அவர் சுமத்திய பழியால் கொல்லப்பட்டவரின் குலத்தார் எழுதிக் கொடுத்தவை. நைனா சூர தேவனுடனான அவருடைய மூல வழக்கு எதைப் பற்றியது என்பதைக்கூட அவர்கள் எழுதி வைக்கவில்லை.