ஒரு நூல், இரண்டு ஊசி, எண்ணூறு கண்ணி!



உங்கள் அலமாரியிலிருந்து ஒரு கைக்குட்டையையும், ஒரு வட்டக் கழுத்து டி-ஷர்ட்டையும் எடுத்து வாருங்கள். இரண்டையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கைக்குட்டை விறைத்து நிற்கும். டி-ஷர்ட் நன்றாக நீண்டு கொடுக்கும். விட்டதும் பழையபடி சுருங்கிவிடும். இரண்டும் பருத்தி நூலில் செய்தவைதானே, ஏன் இந்த வித்தியாசம்?

கைக்குட்டை நெய்த துணி. அதில் நூல்கள் பாவும் ஊடுமாக, குறுக்கும் நெடுக்குமாக நேராக ஓடுகின்றன. டி-ஷர்ட் பின்னிய துணி. அதில் நூல் வளைந்து வளைந்து, சின்னச் சின்னக் கண்ணிகளாக ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கிறது. இழுத்தால் அந்த வளைவு நிமிரும்; விட்டால் மீண்டும் வளையும். அதனால்தான் பின்னிய துணி உடம்போடு ஒட்டி, நாம் ஓடியாடும்போது இழுத்துக் கொடுக்கிறது.

ஒரு பூதக்கண்ணாடி வைத்து டி-ஷர்ட்டின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். ஆங்கில 'வி' எழுத்தை அடுக்கி வைத்தது போல வரிசைகள் தெரியும். உள்பக்கத்தைப் பாருங்கள். அலை அலையாகச் சின்ன மேடுகள் தெரியும். இவைதான் பின்னல் கலையின் இரண்டு அடிப்படைக் கண்ணிகள். முதலாவதை 'நிட்' என்பார்கள். இரண்டாவதை 'பர்ல்' என்பார்கள். ஸ்வெட்டர், குல்லாய், மப்ளர், காலுறை என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் இந்த இரண்டின் விளையாட்டுதான்!

திருப்பூரில் இன்று இயந்திரங்கள் இதைச் செய்கின்றன. இதற்கு முன்னோடியாக, இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் 1589-ம் ஆண்டு காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். அதுவரை எல்லாமே கைப்பின்னல்தான். அந்தக் கைப்பின்னலை நாமும் கற்போமா?

என்னென்ன வேண்டும்?

நடுத்தர கனமுள்ள உல்லன் நூல் ஓர் உருண்டை, 4 மில்லிமீட்டர் பின்னல் ஊசி இரண்டு. ஊசி கிடைக்கவில்லையா? இரண்டு புதுப் பென்சில்களைச் சீவி, முனையை மழுக்கிக்கொள்ளுங்கள். அப்போது நூலை இரட்டையாக எடுங்கள். வெளிர் நிற நூல் என்றால் கண்ணிகள் தெளிவாகத் தெரியும்.

கண்ணி ஏற்றுதல்

முதலில் நூலில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். அந்த ஊசியை வலது கையில் பிடியுங்கள். உருண்டையிலிருந்து வரும் நூலை இடது கட்டை விரலில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விரலில் உள்ள வளையத்துக்குள் கீழிருந்து ஊசியை நுழைத்து, விரலை உருவி விடுங்கள். நூலை லேசாக இழுங்கள். ஒரு கண்ணி ஏறிவிட்டது! இப்படியே முடிச்சோடு சேர்த்து 20 கண்ணிகள் ஏற்றுங்கள். இறுக்கிவிட்டால் அடுத்த வரிசையில் ஊசி நுழையாது. தளர்வாகவே இருக்கட்டும்.

நிட் கண்ணி

கண்ணிகள் உள்ள ஊசி இடது கையில். காலி ஊசி வலது கையில். நூல் ஊசிகளுக்குப் பின்புறம் இருக்க வேண்டும். இனி நான்கே வேலை.

நுழை: முதல் கண்ணிக்குள் வலது ஊசியை முன்னிருந்து பின்னாக நுழையுங்கள்.
சுற்று: நூலை அந்த ஊசியின் முனையில், கீழிருந்து மேலாக ஒரு முறை சுற்றுங்கள்.
இழு: சுற்றிய நூலைக் கண்ணி வழியாக முன்னே இழுங்கள்.
விடு: பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள்.

வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: நுழை, சுற்று, இழு, விடு! வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றி, மறுபடி தொடங்குங்கள். முதல் நாலைந்து வரிசை கோணல்மாணலாகத்தான் வரும். பத்தாவது வரிசையில் விரல்களே வழி கண்டுபிடித்துவிடும்.

பர்ல் கண்ணி

இது நிட்டின் மறுபக்கம். நூலை முன்புறம் கொண்டு வாருங்கள். ஊசியைக் கண்ணிக்குள் வலமிருந்து இடமாக, முன்பக்கமாகவே நுழையுங்கள். நூலைச் சுற்றிப் பின்புறம் தள்ளி, பழைய கண்ணியை விடுங்கள். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றிப் பின்னினால், டி-ஷர்ட்டில் பார்த்த அதே 'வி' வரிசை உங்கள் கையிலும் வரும்! ஒரே வரிசையில் 2 நிட், 2 பர்ல் என்று மாறி மாறிப் போட்டு, அடுத்த வரிசைகளிலும் நிட்டின் மேல் நிட், பர்லின் மேல் பர்ல் வருமாறு பின்னினால், காலுறையின் வாய்ப்பகுதி போல இழுபடும் துணி கிடைக்கும்.

எண்ணிப் பார்!

ஒவ்வொரு வரிசை முடிவிலும் கண்ணிகளை எண்ணுங்கள். 19 இருந்தால் ஒன்று நழுவிவிட்டது என்று பொருள். கவனிக்காவிட்டால் அது ஏணிப்படி போலக் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். உடனே ஓர் ஊக்கால் அதைப் பிடித்து நிறுத்துங்கள். பிறகு அந்த வரிசை வரை நூலைப் பிரித்து, கண்ணிகளை மீண்டும் ஊசியில் ஏற்றிப் பின்னுங்கள்.

துணியைத் தவறாக வெட்டிவிட்டால் வெட்டியதுதான். பின்னலில் அப்படி இல்லை. எத்தனை முறை பிரித்தாலும் நூல் நம் கையில் பத்திரமாக இருக்கும். ஆகவே, "எனக்கு வராது" என்று ஊசியைக் கீழே போட்டுவிடாதீர்கள். "இது பெண் பிள்ளைகள் வேலை" என்று தம்பிகள் ஒதுங்கவும் வேண்டாம். அந்தக் கால ஐரோப்பிய நகரங்களில் பின்னல் கலைஞர் சங்கங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே!

முடிப்பது எப்படி?

கடைசி வரிசையில் இரண்டு கண்ணிகளைப் பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேலாகத் தூக்கி விடுங்கள். இன்னொன்று பின்னுங்கள், மறுபடி தூக்கி விடுங்கள். ஒன்றே ஒன்று மிஞ்சும்போது நூலை வெட்டி, அதற்குள் நுழைத்து இழுத்துவிடுங்கள்.

20 கண்ணிகளில், நிட் மட்டுமே போட்டு 40 வரிசை பின்னினால், சுமார் 10 சென்டிமீட்டர் சதுரம் கிடைக்கும். அதாவது 800 கண்ணிகள்! உங்கள் வகுப்பில் 30 பேர் ஆளுக்கொரு சதுரம் பின்னி, 5-க்கு 6 என்று வைத்துத் தைத்தால், பிறந்த குழந்தையைச் சுற்றிக்கொள்ள ஒரு போர்வை தயார். உதகையிலோ கொடைக்கானலிலோ மார்கழிக் குளிரில் ஒரு பச்சிளங் குழந்தை அதற்குள் கதகதப்பாகத் தூங்கும்.

என்ன குழந்தைகளே, முதல் கண்ணியைப் போடத் தயாரா?