நிலக்கரியும் காவிரி நீரும்

மேட்டூர் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது அணையே. 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அந்த அணையிலிருந்து 1937 முதல் நீர் மின்சாரமும் கிடைத்து வருகிறது. ஆனால், நீர் மின்சாரத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பாசனத்துக்கு மதகு திறந்தால் சுழலி சுழலும். மதகை மூடினால் அது ஓய்ந்துவிடும். பள்ளிபாளையத்து விசைத்தறிகளும், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளும் காவிரியின் வரவுக்காகக் காத்திருக்க இயலுமா? ஆகவே, அணைக்கு அருகிலேயே அனல் மின் நிலையம் ஒன்றைத் தமிழ்நாடு மின்சார வாரியம் நிறுவியது. 1987 முதல் 1990 வரையில் 210 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகள் இயங்கத் தொடங்கின. 2013இல் 600 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்தது. ஆக மொத்தம் 1,440 மெகாவாட்.

சேலம் வட்டாரத்தில் நிலக்கரி கிடையாது. ஒடிசாவில் தால்சேர் சுரங்கங்களில் வெட்டிய கரி, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, கப்பலேறி எண்ணூரில் இறங்கி, மீண்டும் ரயிலேறி மேட்டூர் சேர்கிறது. இவ்வளவு தூரம் பயணம் செய்து வரும் கரியின் வெப்பத்தில் எவ்வளவு பங்கு மின்சாரமாகிறது? இந்தக் கேள்வியையே இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் நிலையம் இயங்கும் முறையைப் பார்ப்போம். கரியை மாவுபோல் பொடித்து, சூடான காற்றுடன் கொதிகலனுக்குள் ஊதுகிறார்கள். பொடியாக இருப்பதால் அது வாயுவைப் போலப் பற்றி எரிகிறது. கொதிகலனின் சுவர்களாக அமைந்த குழாய்களில் ஓடும் நீர் ஆவியாகிறது. அந்த ஆவியை மேலும் சூடேற்றினால் அதன் வெப்பநிலை ஏறக்குறைய 540 டிகிரி சென்டிகிரேடு ஆகிறது. அதன் அழுத்தமோ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் 130 மடங்குக்கும் மேற்பட்டது. ஆவி சீறிப் பாய்ந்து சுழலியின் அலகுகளைத் தள்ளச் சுழலி நிமிஷத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது. அதனுடன் இணைந்த மின்னாக்கியில் மின்சாரம் பிறக்கிறது. 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 50 சுற்று. நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டிருப்பதன் காரணம் இதுவே.

இனி வரவு செலவுக் கணக்குக்கு வருவோம். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் 860 கிலோ கலோரி. ஆனால், இத்தகைய 210 மெகாவாட் அலகில் அந்த ஒரு யூனிட்டைப் பெறச் சுமார் 2,500 கிலோ கலோரி வெப்பத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது. அதாவது நூறு பங்கு வெப்பத்தில் மின்சாரமாவது 35 பங்குக்கும் குறைவு. ஏழில் ஒரு பங்கு போலக் கொதிகலனிலும் புகைபோக்கி வழியாகவும் வீணாகிறது. மீதி, கிட்டத்தட்ட சரிபாதி, எங்கே போகிறது?

அது நீரில் கரைகிறது. சுழலியில் வேலை செய்து களைத்த ஆவியை மீண்டும் கொதிகலனுக்கு அனுப்ப வேண்டும். ஆவியாகவே அமுக்கி அனுப்புவதென்றால் கிடைத்த சக்தியில் பெரும்பகுதி அதற்கே செலவாகிவிடும். நீராக்கி அனுப்பினால் சிறிது சக்தியே போதும். ஆகவே, கண்டென்சர் என்னும் குளிர்கலனில் அதை நீராக்குகிறார்கள். அங்கே ஆவி வெளிவிடும் மறைவெப்பம், குழாய்களுக்குள் ஓடும் குளிர்ந்த நீரைச் சேர்ந்து, பின்னர் குளிர்விப்புக் கோபுரங்களின் வழியே காற்றில் கலக்கிறது. தொலைவிலிருந்து நாம் காணும் வெண்மேகம் பெரும்பாலும் புகையன்று; ஆவியான காவிரி நீர்.

இந்த இழப்பைப் பொறியாளரின் கவனக்குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. வெப்பத்தை முழுவதும் வேலையாக மாற்ற எந்த யந்திரத்தாலும் இயலாது என்ற உண்மையைப் பிரெஞ்சு அறிஞர் ஸாதி கார்னோ 1824இல் காட்டினார். மிகுந்த சூட்டுக்கும் மிகுந்த குளிர்ச்சிக்கும் இடையேயுள்ள வேறுபாடு பெருகப் பெருகப் பயனும் பெருகும். 540 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடையே இயங்கும் குறையற்ற யந்திரம்கூட 62 சதவீதத்தைத் தாண்டாது.

அனல் மின் நிலையத்தை நவீனமாக்குவது என்பதன் பொருள் இப்போது விளங்கும். புதிய நிலையங்களில் ஆவியின் சூட்டையும் அழுத்தத்தையும் உயர்த்துகிறார்கள். அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 220 மடங்கைக் கடந்தால், நீர் கொதிக்காமலே ஆவியின் தன்மையை அடைகிறது. 2024இல் தொடங்கிவைக்கப்பெற்ற வடசென்னையின் 800 மெகாவாட் அலகு இவ்வகையைச் சேர்ந்தது. பழைய அலகுகளிலோ, தேய்ந்த சுழலி அலகுகளை மாற்றுவது, குளிர்கலனின் குழாய்களில் படிந்த உப்பை அகற்றுவது, காற்றுக் கசிவை அடைப்பது, கணிப்பொறியால் கட்டுப்படுத்துவது ஆகியவையே வழி. இவை சிறு வேலைகள்தாமே என்று தோன்றலாம். முழு வேகத்தில் ஓடும் 210 மெகாவாட் அலகு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,500 டன் கரியை எரிக்கிறது. அது ஒரு முழுச் சரக்கு ரயிலின் சுமை. அதில் நூற்றுக்கு ஒன்று மிச்சமானால் ஒரு நாளில் 35 டன், ஓர் ஆண்டில் பன்னிரண்டாயிரம் டன்னுக்கு மேல்!

கரி மிச்சமானால் சாம்பலும் குறையும். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் சாம்பல் இருப்பதுண்டு. புகையோடு பறக்கும் நுண்சாம்பலை மின்னூட்டத்தால் ஈர்த்துப் பிடிக்கும் கருவிகள் இருக்கின்றன. பிடித்த உலர் சாம்பல் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் பயன்படுகிறது. தப்பிய சாம்பல் சுற்றியுள்ள ஊர்களின் கூரையிலும், வயலிலும், மனிதர் மூச்சிலும் படியும். 2015இல் மத்திய அரசு புகைக்கு வரம்பு விதித்தபோது, 2004க்கு முந்திய அலகுகளுக்குக் கனமீட்டருக்கு 100 மில்லிகிராம் தூசியும், 2017 முதல் வரும் அலகுகளுக்கு 30 மில்லிகிராமும் அனுமதித்தது. பழைய யந்திரத்துக்குக் காட்டிய சலுகையைச் சுமப்பது அண்டை ஊராரின் நுரையீரலே.

இப்போது புதிய சோதனை ஒன்றும் வந்திருக்கிறது. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது அனல் நிலையம் அடங்கி இயங்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் விரைந்து எழ வேண்டும். முழுத் திறனில் 55 சதவீதம் வரை தணிந்து இயங்கவும், பின்னர் 40 சதவீதத்தை எட்டவும் 2023ஆம் ஆண்டின் விதிகள் கோருகின்றன. ஒரே சீராக ஓடுவதற்கென அமைத்த கொதிகலனின் தடித்த உலோகம் அடிக்கடி சூடேறி ஆறினால் நாளடைவில் வெடிப்பு காணும்.

யந்திரம் முதுமையடைவதால் வரும் கேடு கரிச் செலவு மட்டுமன்று. 2024 டிசம்பரில் மேட்டூர் நிலையத்தில் நிலக்கரித் தொட்டி ஒன்று சரிந்ததில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். சுழலியைப் புதுப்பிக்கும்போது, அதற்குக் கரி ஊட்டும் தொட்டியையும், தொட்டியைத் தாங்கும் தூணையும், அதனடியில் நின்று வேலை செய்யும் மனிதனையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும் என்பது என் துணிபு.

மாணவர்களே, கார்னோ வகுத்த எல்லையை உங்களால் மாற்ற முடியாது. ஆனால், அந்த 62க்கும் மேட்டூர் அலகின் 35க்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. அதை ஒவ்வொரு சதவீதமாகக் குறைப்பதும், ஞாயிற்றின் ஒளியையும் காற்றின் வேகத்தையும் சேமித்துவைக்க வழி கண்டு, கரி எரிக்கும் தேவையையே குறைப்பதும் உங்கள் தலைமுறையின் பணியாகும்.